இறங்கிய சுருதி

நாடகத்தை எழுதி இயக்கி, அதில் ராஜாவாகவும் நடிக்கிறவருக்கு அன்று பொறுமை எல்லை தாண்டிவிட்டது.

“மறுபடியும் சுருதியைக் குறைச்சிட்டியா மாப்ள? மூணு நாடகமா இதே கதைதான். ராஜா போர்க்களத்துல பாடுற பாட்டு, தாலாட்டு மாதிரி இருக்கு! சரக்கு தீர்ந்துபோச்சுன்னா சொல்லித் தொலையேன்.”

தங்கையின் கணவரான இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை மூடினார். “வயசாயிடுச்சு மச்சான். எனக்கு இப்ப இதுதான் வருது.”

“அப்ப வீட்டுல உட்கார்ந்து ஓய்வெடு!”

கோபத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு மச்சான் அந்த வீட்டு வாசலில் தடுமாறியபோது, உள்ளே தங்கையின் குரல் கேட்டது.

“எங்கண்ணன் வாய்க்கு வந்தபடி பேசுறாரு. நீங்க உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?”

“எப்படிம்மா சொல்றது? ராஜா வேஷம் கட்டுறது அவருக்கு உயிர். தன் தொண்டை இப்ப மேல எட்டலைன்னு தெரிஞ்சா நாடகத்தையே விட்டுடுவாரு. பழி என் மேலயே இருக்கட்டும்.”

வாசலில் நின்றவர் கண்களை மூடி, இப்படியொரு மாப்பிள்ளையைத் தந்த ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். பிறகு உள்ளே போய் மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சுருதியை இன்னும் அரைக்கட்டை குறைச்சுக்கோ மாப்ள,” என்றார். “நேத்து ஒத்திகையிலயே எனக்கு மூச்சு வாங்குச்சு.”