கரும்பு மெஷினுக்குள் போய் வந்த மட்டை

அவள் மட்டையைத் தோளுக்கு உயர்த்தினாள்.

ஒரு நல்ல அடி விழுந்தால் மாநில பேஸ்பால் கோப்பை அவள் கல்லூரிக்கு. அவளும் அவுட்டானால் எல்லாம் முடிந்தது.

எதிரே, பந்தை எறிய ஜெபமலர். பள்ளி விடுதியில் இவளோடு ஒரே பாயில் படுத்தவள். இப்போது வேறு கல்லூரி. ஈயென்று சிரித்தாள்.

எறிகிறவளுக்கு முகமூடி கிடையாது. கையுறை ஒன்றுதான்.

முன்பெல்லாம் அலுமினிய மட்டை. டங்கென்று பட்டால் பந்து பறக்கும். எறிந்தவள் நிமிர்வதற்குள் பல் போய்விடும். அதனால்தான் புது விதி வந்தது. எந்த மட்டையில் பட்டாலும், மர மட்டையில் பட்ட பந்தைவிட வேகமாகப் பந்து போகக் கூடாது. அதற்கான முத்திரை இருந்தால்தான் மட்டை மைதானத்துக்குள் வரலாம்.

அவள் கையிலிருந்தது கார்பன் நாரில் செய்த மட்டை. அதில் முத்திரை இருந்தது. ஆட்டத்துக்கு முன் நடுவர் அதை அளவு வளையத்துக்குள் விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சரியென்று தலையாட்டினார்.

அது கரும்புச்சாறு மெஷினுக்குள் போய் வந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

எல்லாம் கேப்டன் திலோத்தமாவின் யோசனை. மட்டைக்குத் துணி சுற்றி, உருளைகளுக்கு நடுவே மெல்ல விட்டு எடுத்தார்கள். உள்ளே நார் தளர்ந்தால் பந்து விதியை மீறிய வேகத்தில் துள்ளும். வேலை முடிந்ததும் கடைக்காரர் இஞ்சி போட்டு ஆளுக்கொரு டம்ளர் சாறு கொடுத்தார். ஒரே குஷி.

முதல் பந்து வந்தது. சுழற்றினாள்.

பந்து கோட்டுக்கு வெளியே சீறிப்போய்த் தண்ணீர் டிரம்மில் மோதியது. டிரம் பிளந்துகொண்டது.

கணக்கில் சேராத அடி. ஆனாலும் அவள் அணி ஆடித் தீர்த்தது.

அவள் டிரம்மைப் பார்த்தாள். பிறகு ஜெபமலரின் முகத்தை.

கையை உயர்த்தி நடுவரிடம் நேரம் கேட்டாள். பைக்குள்ளிருந்து மர மட்டையை உருவினாள். அணியில் அதற்கு விறகு என்று பெயர்.

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று திலோத்தமா பல்லைக் கடித்தாள்.

"இதுலயே அடிக்கேன்க்கா."

ஜெபமலர் முழு வேகத்தில் எறிந்தாள்.

பாவி, என்ன பந்து!

இவளும் உயிரைக் கொடுத்துச் சுழற்றினாள். இத்தனை சுத்தமாக அவள் இதுவரை அடித்ததே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பந்து நேராக ஜெபமலரின் முகத்துக்குப் போனது.

கையுறை எழுந்தது.

பொத்.

மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் பந்து அடங்கியது.

அவுட்.

கோப்பை போயிற்று. எதிரணிக்காரிகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களை முந்திக்கொண்டு அவள் ஓடினாள். ஜெபமலரை அப்படியே தூக்கிச் சுற்றினாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏட்டி, நீதான தோத்த?"

அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

திலோத்தமா சண்டைக்குத்தான் வந்தாள். அந்த மட்டையால் மட்டும் அடித்திருந்தால் என்று ஆரம்பித்தாள்.

ஜெபமலரின் மூக்கைப் பார்த்தாள். ஓரத்தில் இன்னும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த டிரம்மைப் பார்த்தாள்.

அந்த மட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஜெபமலருக்குக் கை கொடுத்தாள்.