முந்நூறு இடம்

எட்டே முக்காலுக்குள் அந்த வட்டாரத்தை நாலு தடவை சுற்றியாகிவிட்டது. மச்சான் கொடுத்த பழைய காரை நிறுத்த ஒரு முழம் இடம் இல்லை. ஒன்பதைத் தாண்டினால் இந்த மாதத்தில் மூன்றாவது தாமதம். மூன்றாவதற்கு வேலை போய்விடும்.

"பஸ்ல வந்திருக்கலாம்ல? எங்கண்ணன் கார் குடுத்ததுலேர்ந்து உங்க கால் தரையில படல" என்றாள் மனைவி.

"பேசாம உன் பக்கம் இடம் இருக்கான்னு பாரு."

மருந்துக்கடை வாசலில் ஓரம் கட்டினான். கடைக்காரர் பாய்ந்து வந்தார்.

"யோவ், இது என்ன உன் மாமியார் வீடா? எடு வண்டிய!"

"அஞ்சே நிமிஷம் சார்..."

"அஞ்சு நிமிஷம்னு போனவனெல்லாம் சாயங்காலம்தான் வந்திருக்கான். எடுய்யா!"

ஐந்தாவது சுற்றில் அவன் பொறுமை தீர்ந்தது. நடுத்தெருவிலேயே இறங்கினான்.

"நீ ஓட்டு. இடம் கிடைக்கிற வரைக்கும் சுத்திட்டே இரு."

"ஒன்பதரைக்கு நானும் வேலைக்குப் போகணுமே!"

"அதுக்குள்ள கிடைச்சிடும்."

தலைதெறிக்க ஓடினான். ஒன்பதாக ஒரு நிமிடம் இருக்கும்போது வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசலில் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்தான். 'ஊழியர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை' என்ற கம்பெனிப் பலகை தலைக்கு மேல் தொங்கியது.

முதல் கார் வந்து நின்றது.

"இடம் கிடைக்குமாப்பா?"

"தாராளமா வாங்க சார். முந்நூறு இடமும் காலியாத்தான் இருக்கு."

வெளியே தெருவில் பழக்கப்பட்ட ஒரு ஹாரன் நீளமாக அலறிக்கொண்டே கடந்து போனது. ஆறாவது சுற்று.