மாற்றுக் கண்ணாடி

பாய்மரப் படகில் தனியாகக் கடல் சுற்றக் கிளம்பிய தயாபரன் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. அதிலிருந்த கேமராப் பதிவுகளைக் கோத்து எடுத்த ஆவணப் படத்தை அவர் மனைவி பாகீரதி மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் புயலில் அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்துபோனது. "மாத்துக் கண்ணாடிய எங்க வெச்சேன்னே தெரியல. என் மறதிதான் ஊரறிஞ்சதாச்சே," என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தார். அடுத்த சில நாட்கள் வரைபடத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் படித்தார். பிறகு படிப்பதையே விட்டுவிட்டார்.

பாகீரதியின் கையிலிருந்த காபியில் ஏடு கட்டியிருந்தது.

படத்தின் முடிவில் அவர் புறப்பட்ட நாளைக் காட்டினார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் கிடந்த அவருடைய மாற்றுக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடியவள் பாகீரதி. பத்தடி முன்னால் அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டாள். தானாகத் திரும்புவார் என்று நின்றாள். படகு நகர்ந்த பிறகுதான் கூட்டைத் தூக்கிக் காட்டினாள்.

படகிலிருந்த கேமராவில் கரை சிறுத்துக்கொண்டே போனது. "அதோ, என் பொண்டாட்டி எப்படிக் கையாட்டுறா பாருங்க," என்று அவரும் கையாட்டினார்.

மகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். "அப்பா உன்னப் பாத்துட்டாரும்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையருகே போனாள். "கைல கறுப்பா என்னம்மா அது?"

"கைக்குட்டை," என்ற பாகீரதி, ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு ஆறிய காபியைக் குடித்தாள்.