மெதுவா வா

மாரத்தான் முடிவுக் கோட்டின் பலூன் வளைவு கண்ணில் பட்டபோது, கையில் கட்டியிருந்த உறைக்குள் போன் அதிர்ந்தது.

அக்கா செங்கொடி. வல்லரசு ஓடிக்கொண்டே எடுத்தான்.

"நைனாவுக்கு மூச்சு வாங்குதுடா. வூட்டுக்கு வா. ரோடு பூரா லாரியா கீது, பதறாம மெதுவா வா."

வைத்துவிட்டாள்.

எண்ணூர் சாலையின் நடுவில் அவன் கால்கள் தாமாக நடைக்கு வந்தன.

மெதுவா வா. அது போதும்.

அம்மா போன அன்று கொடுங்கையூரில் இருந்த செங்கொடிக்கு அவன்தான் போன் செய்தான். மூக்கில் பஞ்சு வைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய பிறகுதான் செய்தான். அம்மாவுக்கு முடியல, பதறாம மெதுவா வா என்றான். அவர்கள் குடும்பத்தில் சாவை யாரும் போனில் சொன்னதில்லை. வருகிறவர் வழியில் விழுந்து கிழுந்து வைத்தால் என்ன செய்வது? திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கவும் மாட்டார்கள். விசாரித்தால் சொல்ல வேண்டிவரும்.

பின்னால் ஓடிவந்த லூயிஸ் முதுகில் ஒன்று வைத்தான். கண்டெய்னர் யார்டில் அவனோடு நைட் பார்க்கிறவன்.

"இன்னா மாமு, புள்ளத்தாச்சி மாரி நடக்குற?"

"நைனா போய்ட்டாரு."

லூயிஸ் சிலுவை போட்டுக்கொண்டான். வண்டி எடுத்து வரட்டுமா என்று கேட்டான்.

"வாணாம். இனிமே இன்னா அவசரம்?"

நைட் முடித்து, யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட வந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

கோட்டைத் தாண்டியதும் ஒரு பெண் சிரித்தபடி கழுத்தில் மெடலை மாட்டினாள். வாழைப்பழம் கொடுத்தார்கள். பிணம் எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியாது என்ற நினைப்பு வந்ததும் இன்னொன்று வாங்கித் தின்றான்.

பிறகு, ஆக வேண்டியதைப் பார்த்தான். அம்மாவுக்கு ஐஸ் பெட்டி வந்துசேர மதியமாகிவிட்டது. அந்த வெயிலில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. புளியந்தோப்பில் பெட்டி வாடகைக்கு விடுகிறவனைப் போனில் பிடித்தான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, ஆள் கூடுதலாக அனுப்பு. உடனே அனுப்பு.

இனி சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒப்பாரி வைப்பார்கள். போனை சைலண்டில் போட்டான். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போனான்.

தெருவில் பந்தல் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இல்லை. பறை இல்லை. எல்லாவற்றுக்கும் என்னையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டே படியேறினான்.

மூன்றாவது மாடியில் பெட்டிக்காரர்கள் படிக்கட்டில் குந்தியிருந்தார்கள். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை நடைபாதையில் இறக்கி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வாசலில் நுழைய முடிந்தது.

உள்ளே நாற்காலியில் நைனா உட்கார்ந்திருந்தார்.

தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. வல்லரசுவைப் பார்த்தார். அவன் கழுத்தில் தொங்கிய மெடலைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மெதுவா வான்னா இம்மாம் மெதுவாவா?" செங்கொடி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். "எத்தினி வாட்டி போன் போட்டேன்! யார் கூப்டும் இவரு எழுந்திரிக்கல. எம்புள்ள வந்து தூக்கினாதான் ஆஸ்பத்திரிக்கு எறங்குவேன்னு குந்திகினு இருந்தாருடா."

வல்லரசு குனிந்து அவர் அக்குளில் கைகொடுத்தான்.

"வா நைனா. நான் தூக்கிக்கிறேன்."

அவர் நாற்காலியின் கைகளை விடவில்லை.

"வர மாட்டாரு," என்றாள் செங்கொடி. "அந்த ஆளுங்க உள்ள வந்து ஐஸ் பொட்டிக்கு பிளக் எங்க கீதுன்னு கேட்டாங்க. அவருதான் காட்டினாரு."