கழுத்துக்கு நல்லது

"இங்க யாருய்யா வாத்தியாரு?"

ஹட்டன் கடைவீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் குத்துச்சண்டை பழகும் இடம். வாசலில் நின்று கேட்டவர் சின்னத்தம்பி கங்காணி, தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குபவர். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. குடையைப் பிடித்திருந்த விதமே சரியில்லை.

உள்ளே குத்திக்கொண்டிருந்த இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

"நான்தாங்க," என்றார் சோலைமலை. யுத்தத்துக்குப் போய் வந்தவர். பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டதில் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

"நான் ஒக்கார வரல. ஞாயம் கேக்க வந்திருக்கேன்."

"ஞாயத்தையும் செருப்பைக் கழட்டிட்டுக் கேக்கலாங்க."

கங்காணி கழற்றினார். வந்த வேகத்தில் பாதி அங்கேயே போயிற்று. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கொழுந்துச் சாக்கில் மரத்தூளை அடைத்து, கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். வழியில் நின்ற அதைக் குடையால் ஒரு தள்ளு தள்ளினார். சாக்கு போய்விட்டுத் திரும்பி வந்து தலைப்பாகையைத் தட்டியது. ஒருவன் சிரித்தான்.

"எம் மகன் தங்கவேலு. தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாம இருக்குமா? அவனைக் கெடுத்ததே நீங்கதான."

"என்ன கெடுத்தேன்?"

"பொம்பளைக் கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு மலையில நடக்கிறான். கல்யாணம் ஆன ஆம்பளை."

கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் தலைக்கு. ஆண் அதைத் தொட்டால் லயத்து வரிசை வீடுகளே சிரிக்கும். ஆண்களுக்குக் கவ்வாத்து, தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை. மத்தியானத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். தங்கவேலு நீட்டவில்லை. சாயங்காலமானால் மலைக்குப் போனான். பெண்டாட்டியின் கூடைக் கயிற்றைத் தன் தலையில் மாட்டி, கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் சுமந்தான்.

"ஏண்டான்னு கேட்டா, ஹட்டன் வாத்தியார் சொன்னாருங்கிறான். கழுத்துல பலம் ஏறினா எவன் குத்தினாலும் விழமாட்டானாம். பயலுக நம்பிட்டானுக. வாயைப் பொளந்துக்கிட்டு இவன் கழுத்தையே பாக்குறானுக. கெழவனுக நம்புவானுகளா? 'கங்காணி, மகனுக்கு எப்ப பேர் பதியிறீங்க, கொழுந்து பறிக்க?' இது அந்த வீரய்யா. எங்கிட்டயே கேக்குறான். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிமிந்து நிக்க முடியல."

சோலைமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கழுத்துக்கு நல்லதுதாங்க."

"நல்லதாவே இருந்துட்டுப் போகுது. வெறகைச் சுமக்கச் சொல்லுங்க. கல்லைச் சுமக்கச் சொல்லுங்க. மருமக கூடைதான் கெடைச்சுதா?"

"நான் ஒண்ணையும் சுமக்கச் சொல்லலையே."

"பின்ன?"

"ஒங்க மகன் இங்க பழகவே இல்லைங்க. ஒரு நாள் வந்தான். கிளவுஸைக் குடுத்தேன், வேணாம்னுட்டான். இப்ப நீங்க நிக்கிறீங்களே, அதே எடத்துல நின்னுக்கிட்டு, 'தலையில கயிறு மாட்டிச் சுமந்தா கழுத்துக்கு நல்லதா'ன்னு கேட்டான். நல்லதுன்னேன். 'யாராச்சும் வந்து கேட்டா இதையே சொல்லுங்க'ன்னுட்டுப் போனவன்தான். பெறகு வரல."

"அப்ப எதுக்குடா சுமக்கிறான்?" கங்காணி சாக்கைப் பார்த்துக் கேட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும். அந்தப் பிள்ளையால சுமக்க முடியாதா?"

கங்காணி ஆடிய சாக்கைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

மருமகள் காளியாயிக்கு இது ஏழாம் மாதம். போன தடவை கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை மகன் முன்கூட்டியே வந்து நின்றான். "வேலை பிரிக்கிற கண்டாக்கய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. பங்களாப் பக்கம் லேசான வேலையா போடட்டும்." கங்காணி வீட்டுக்கு மட்டும் தனிச் சலுகையா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டவர் சின்னத்தம்பிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் ஹட்டனுக்கு பஸ் ஏறினான்.

"ஒக்காருங்க கங்காணி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேணாம்."

செருப்பை மாட்டினார். வாசலில் நின்றார்.

"யாராச்சும் வந்து கேட்டா..."

"கேட்டா?"

"நல்லதுன்னே சொல்லுங்க."

மறுநாள் காலை பெரட்டில், எல்லார் முன்னாலும், கண்டாக்கிடம் மருமகளுக்காகக் கேட்டார். கொழுந்து பொங்கி நிற்கிற நேரம், ஒரு ஆளையும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார் கண்டாக்கு. கங்காணி சரிங்க என்றார்.

சாயங்காலம் வழக்கம்போல மலைக்கு வந்த தங்கவேலு, பாதையிலேயே நின்றுவிட்டான்.

எதிரே காளியாயி கையை வீசிக்கொண்டு, மெள்ள இறங்கி வந்தாள். கையில் மாமனாரின் தலைப்பாகை. அவளுக்கு முன்னால், கறுப்புக் கோட்டோடு, வெறுந்தலையில் கூடைக் கயிறு மாட்டிக்கொண்டு மாமனார்.

மடுவத்தில் எல்லாரும் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வீரய்யாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"என்னா கங்காணி, இந்த வயசுல?"

"குத்துச்சண்டை பழகுறேன்," என்றார் சின்னத்தம்பி. "தள்ளி நில்லு."