காதுக்குள் நுழைந்த நாடு

நாடு தெற்கு நாடுகளின் ஒன்றியத்தில் சேர்வதா என்ற வாக்கெடுப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. சேரவே கூடாது என்று நினைத்த ஒரு வல்லரசு, திருகோணமலை முதியவர்களுக்கெல்லாம் காது கேட்கும் கருவியை இலவசமாகக் கொடுத்திருந்தது.

அப்பா இராசநாயகத்தின் கருவியைத் துடைக்க எடுத்த நிலானி, தன் காதில் வைத்துப் பார்த்தாள். உள்ளே, அவள் ஒருநாளும் சொல்லாததை அவளுடைய குரலே பேசியது.

"அப்பா, சாப்பிட்டீங்களோ? பிரஷர் குளிசை போட்டீங்களோ? ஒன்றியத்தில சேர்ந்தா என்ர வேலை போயிடும், அப்பா."

"சீ, நாய்கள்!" என்று நிலானி கருவியைத் தரையில் எறிந்தாள்.

அப்பாவுக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அது நீ இல்லையெண்டு தெரியும் பிள்ளை. எண்டாலும் சாப்பிட்டனோ எண்டு கேக்குது. தா."

மிதிக்கத் தூக்கிய காலை நிலானி இறக்கினாள். கூசும் விரல்களால் கருவியைப் பொறுக்கி அவர் காதில் மாட்டிவிட்டாள்.