முதலாளியம்மா

“பகல் கொள்ளைடி இது!”

வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை அப்பா ஆட்டிய வேகத்தில் மேஜை மேலிருந்த தாள்களெல்லாம் பறந்தன. பொறுக்கப் போன வாலுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கல்லூரி விடுமுறையில் மூன்று மாதம் ஒரு விளம்பரக் கம்பெனியில் பயிற்சிக்குப் போயிருந்தாள். பற்பசை மூடிக்கு நாற்பத்தொரு டிசைன் வரைந்தாள். கடைசியில் பழைய மூடியே போதும் என்றுவிட்டார்கள். ஆனால் பணம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேமரா வாங்கினாள்.

இப்போது இந்தக் கடிதம். வாங்கியது சம்பளம் இல்லையாம். தொழில் வருமானமாம். வாலு சுயதொழில் செய்கிறாளாம்!

“அப்படின்னா என்ன அத்தை?”

வெளியூரில் ஆடிட்டராக இருக்கும் அத்தை லீவில் வந்திருந்தாள்.

“உன்னை வேலையாள்னு காட்டியிருந்தா ஓய்வூதிய நிதிக்குப் பாதி அவங்க கட்டணும். சுயதொழில்னு காட்டிட்டாங்க. இப்ப முதலாளி பங்கும் நீதான், தொழிலாளி பங்கும் நீதான். ரெண்டையும் வரியோட சேர்த்துக் கட்டணும்.”

“ஐ! நான் முதலாளியா?”

வாலு நாற்காலி மேல் ஏறி நின்றாள். “ஏய் தொழிலாளி! மூடி ரெடியா?”

கீழே குதித்துக் கைகட்டினாள். “சம்பளத்தை ஏத்துங்க முதலாளியம்மா!”

மறுபடி மேலே. “மூச்! வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எம்மா முதலாளி, வரி கட்டணும்னா கேமராவை வித்தாகணும். தெரியுமில்ல?”

வாலு மெல்ல இறங்கினாள்.

“எதுக்கு விக்கணும்?” அப்பா எகிறினார். “ஒன்பது மணிக்கு வா, இப்படி வரை, அப்படி வரைன்னு பெண்டு நிமிர்த்திட்டு, பேப்பர்ல மட்டும் சொந்தத் தொழிலா? படிக்கிற புள்ள தலையில மிளகாய் அரைச்சிருக்கான்! புகார் எழுதறேன் பாரு!”

“விடுண்ணா, எல்லாரும் பண்றதுதான்.”

“எல்லாருமா? என்னை அதுல சேர்க்காதே! நம்ம மூக்குக் கண்ணாடிக் கடையில ரெண்டு காலேஜ் பிள்ளைங்க லென்ஸ் வெட்டப் பழகுறாங்க. சொந்தப் பிள்ளைங்க மாதிரி வெச்சிருக்கேன்!”

“அப்பான்னா அப்பாதான்!” வாலு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “நேர்மையா தொழில் பண்றவன் எப்படிக் கணக்கு எழுதுவான்னு இப்பவே காதால கேளுங்க!”

கடைக் கணக்கரை போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். 

“யோவ், பயிற்சிக்கு வர்ற அந்த ரெண்டு பிள்ளைங்களையும் கணக்குல எப்படிக் காட்டியிருக்கோம்? சத்தமா சொல்லு!”

கணக்கர் உற்சாகமாகச் சொன்னார்.

“கவலையே படாதீங்க சார்! செலவைக் குறைன்னு நீங்க சொன்னபடியே ரெண்டு பேரையும் சுயதொழில்னு காட்டிட்டேன். நம்ம கையிலேர்ந்து ஒத்தைக் காசு போகாது!”